வெடித்த பலகைக்கு இத்தனை விலையா? யார் இந்த நாகாஷிமா?

சும்மா_ஒருவன்

போன வாரம் சாப்பாட்டு மேசை வாங்கலாம் என்று குடும்பத்தோடு கிளம்பினோம். கடையில் ஒரு மேசையைக் காட்டினார்கள். ஓரத்தை நேராக அறுக்கவில்லை. மரம் எப்படி வளைந்து வளர்ந்ததோ அப்படியே விட்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு நீளமான வெடிப்பு. அதன் குறுக்கே கறுப்பாக இரண்டு சின்ன மரத்துண்டுகள், உடுக்கை வடிவத்தில். விலை 1,80,000 ரூபாய்.

ஏன் இவ்வளவு என்று கேட்டேன். "இது நாகாஷிமா ஸ்டைல் சார்." யார் அவர் என்றேன். "பெரிய ஜப்பான்காரர் சார்." அதோடு சரி.

எங்கள் ஊரில் வெடித்த பலகையை மாட்டுக்கொட்டகைக் கதவுக்குக்கூட எடுக்க மாட்டார்கள். இதில் என்ன இருக்கிறது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். என் மனைவி பாதி மயங்கிவிட்டாள், அதனால் கொஞ்சம் அவசரம்.

முட்டுக்கட்டை

மரம் முப்பதாயிரம், பெயர் ஒன்றரை லட்சம். கணக்கு முடிந்தது.

கான்கிரீட்_பிரியை

விற்பனையாளர் சொன்னதே தப்பு. ஜார்ஜ் நாகாஷிமா ஜப்பான்காரர் இல்லை. பெற்றோர் ஜப்பானிலிருந்து போனவர்கள். இவர் 1905இல் அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் பிறந்தவர். தச்சராகவும் தொடங்கவில்லை. முதலில் வனவியல் படிக்கச் சேர்ந்து, அப்புறம் கட்டடக்கலைக்கு மாறி, 1930இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) முதுகலை முடித்தார்.

பெருமந்தக் காலத்தில் வேலை போயிற்று. வேறு யாராக இருந்தாலும் அடுத்த வேலைக்கு அலைந்திருப்பார்கள். இவர் காரை விற்றுவிட்டு உலகைச் சுற்றக் கப்பல் டிக்கெட் வாங்கினார்! பாரிஸில் நவீனக் கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயின் சுவிஸ் மாணவர் விடுதி எழும்பிக்கொண்டிருந்ததை நேரில் பார்த்திருக்கிறார். 1934 வாக்கில் டோக்கியோவில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டிடம் வேலைக்குச் சேர்ந்தார். ரேமண்ட் செக் நாட்டுக்காரர், இம்பீரியல் ஓட்டலைக் கட்ட அமெரிக்கக் கட்டடக்கலைஞர் பிராங்க் லாய்ட் ரைட்டோடு ஜப்பானுக்கு வந்து அங்கேயே பல வருடம் தங்கியவர்.

அந்த அலுவலகத்துக்கு ஒரு கட்டட வேலை வருகிறது. எங்கிருந்து தெரியுமா? நம்ம பாண்டிச்சேரியிலிருந்து. மிச்சத்தைப் புதுவைக்காரி வந்து சொல்லட்டும், அவர் ஊர்க் கதை.

புதுவைக்காரி

கூப்பிட்டதற்கு நன்றி. அந்தக் கட்டடத்தின் பெயர் கோல்கோண்டா. அரவிந்தர் ஆசிரமத்து அன்பர்கள் தங்கும் விடுதி. ஹைதராபாத் நிஜாம் அரசில் இருந்த சர் அக்பர் ஹைதரியின் முயற்சியில் நிதி கிடைத்ததால், வைரத்துக்குப் பேர்போன கோல்கொண்டாவின் பெயரையே வைத்தார்கள்.

நாகாஷிமா 1937இல் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட புதுச்சேரிக்கு வந்தார், ரேமண்டின் சார்பில் தளத்தில் நின்று வேலையைக் கவனிக்க. கூடவே பிரான்டிசேக் சாமர் என்ற இன்னொரு செக் கலைஞர். கான்கிரீட் கட்டடம் என்றாலே நம் ஊருக்குப் புதிதாக இருந்த காலம். கொத்தனாரும் சித்தாளும் மட்டுமல்ல, ஆசிரமத்துச் சாதகர்களும் வேலையில் இறங்கினார்கள். பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கிக் கைப்பிடிகளும் கீல்களும் வார்த்தார்கள்.

கட்டடத்தின் நீளம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல் கிடையாது. சாய்த்துத் திறந்து மூடும் கிடைமட்டப் பட்டைகள்தான். வெயில் உள்ளே விழாது, காற்று தாராளமாக வரும். (அந்தப் பட்டைகள் ஆஸ்பெஸ்டாஸ். அப்போது யாருக்குத் தெரியும்?) தாழ்வாரப் பக்கம் தேக்குப் பட்டைகள் வைத்த நகரும் கதவுகள். மே மாதத்தில் ஒரு முறை உள்ளே போய்ப் பார்க்க அனுமதி கிடைத்தது. வெளியே மண்டை காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே மின்விசிறி இருக்கிறதா என்று தேடவே தோன்றவில்லை.

சும்மா_ஒருவன் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். அந்த அறைகளுக்கான தேக்குச் சாமான்களில்தான் நாகாஷிமாவின் அறைகலன் வாழ்க்கை தொடங்கியது. ஆசிரம வாழ்க்கையில் அவ்வளவு ஈடுபட்டுவிட்டதால் சம்பளம் வேண்டாம் என்று சீடராகவே சேர்ந்துகொண்டார். அரவிந்தர் வைத்த பெயர் சுந்தரானந்தா. அழகில் ஆனந்தம் கொள்பவர். 1939இல் போர் மேகம் சூழும்போது கிளம்பிவிட்டார். கட்டடம் முழுதாக முடிய அதற்கப்புறமும் சில வருடங்கள் ஆயின.

சும்மா_ஒருவன்

அட, இதை அந்தக் கடைக்காரர் சொல்லியிருந்தால் இன்னும் இருபதாயிரம் கூடக் கேட்டிருப்பாரே.

முட்டுக்கட்டை

கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவரை 'நவீனத்துவ முன்னோடி' என்று எழுதுகிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. நவீனத்துவ அறைகலன் என்றால் மார்செல் பிராயர் மாதிரி எஃகுக் குழாயை வளைத்திருக்க வேண்டும். இல்லை, ஈம்ஸ் தம்பதி மாதிரி ஒட்டுப்பலகையை அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் செய்திருக்க வேண்டும். நல்ல பொருள் சாதாரணக் குடும்பத்துக்கும் எட்ட வேண்டும் என்பதுதானே அந்த இயக்கத்தின் பேச்சே? ஒரு மரம், ஒரு பலகை, ஒரு பணக்காரர் என்று செய்தவரை அந்த வரிசையில் எப்படி உட்கார வைப்பது?

கான்கிரீட்_பிரியை

நியாயமான கேள்வி. ஆனால் கேள்வியிலேயே பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது.

நால் (Knoll) என்ற அமெரிக்க அறைகலன் நிறுவனத்துக்காக 1940களில் அவர் ஒரு நாற்காலி வரைந்தார். முதுகுக்கு மெல்லிய குச்சிகள் வைத்த பழைய விண்ட்சர் நாற்காலியின் எலும்பை மட்டும் எடுத்துக்கொண்டு, சதையெல்லாம் செதுக்கித் தள்ளியது போல இருக்கும். அது தொழிற்சாலைத் தயாரிப்பு. 1950களில் விட்டிகாம்ப் கம்பெனிக்கும் ஒரு முழு வரிசையே வடிவமைத்தார். ஆக, எந்திரத்தோடு அவருக்குப் பகை இல்லை. தன் சொந்தப் பட்டறையிலும் எந்திர ரம்பம் வைத்திருந்தார். எந்திரம் முடிக்கிற இடத்தில் கை தொடங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கோனாய்ட் நாற்காலியைப் படத்திலாவது பாருங்கள். 1960இல் வந்தது. நான்கு கால் கிடையாது, இரண்டே கால். அவை தரையில் பனிச்சறுக்குக் கட்டை போல நீளும் இரண்டு பாதங்களில் ஊன்றி நிற்கின்றன. இருக்கை முன்பக்கம் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும். பார்த்தவர்கள், உட்கார்ந்தால் ஒடிந்துவிடும் என்றார்கள். ஒடியவில்லை. நீட்டுவிட்டத்தில் பாரம் எங்கே இறங்கும் என்று கணக்குப் போடத் தெரிந்த கட்டடக்காரன்தான் மரத்தில் அப்படி ஒன்றைத் துணிவான். பெயரும் மரத்திலிருந்து வந்ததில்லை. தன் வேலையிடத்துக்கு அவர் போட்ட மெல்லிய கான்கிரீட் ஓட்டுக் கூரையின் வடிவத்துக்குத்தான் கோனாய்ட் என்று பெயர்.

பிராயர் எஃகுக் குழாயிடம் கேட்ட கேள்வியை இவர் வால்நட் மரத்திடம் கேட்டார், அவ்வளவுதான்.

முட்டுக்கட்டை

கடைசி வரி நன்றாக இருக்கிறது. விலைக்குப் பதில் வரவில்லை.

ஜெர்சி_வாசி

நான் இருக்கும் இடத்திலிருந்து அவர் பட்டறை ஒரு மணி நேரக் கார்ப் பயணம். பென்சில்வேனியாவில் நியூ ஹோப் பக்கம். அங்கே அவர் எப்படி வந்து சேர்ந்தார் என்பதை யாரும் இன்னும் சொல்லவில்லை. அதை விட்டுவிட்டு இவர் விலையைப் பற்றிப் பேச முடியாது.

பாண்டிச்சேரிக்கு அப்புறம் ஜப்பான், 1941இல் மேரியானோடு திருமணம், சியாட்டிலில் சின்னதாக ஒரு பட்டறை. கொஞ்சம் மூச்சுவிடுவதற்குள் பேர்ல் துறைமுகத் தாக்குதல். 1942இல் அமெரிக்க அரசு மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். எம்.ஐ.டி. பட்டமெல்லாம் ஒன்றும் செய்யவில்லை. நாகாஷிமாவும் மனைவியும் கைக்குழந்தை மீராவும் ஐடஹோ மாநிலத்து மினிடோகா முகாமுக்குப் போனார்கள். பாலைவனப் புழுதி, தார்த்தாள் ஒட்டிய கொட்டடிகள்.

அங்கேதான் கென்டாரோ ஹிகோகாவா என்பவரைச் சந்திக்கிறார். ஜப்பானிய முறையில் தேர்ந்த தச்சர். கட்டட வேலையில் மிஞ்சிய துண்டுகளையும் பாலைவனத்தில் கிடைத்த செடிக்கட்டைகளையும் வைத்து இருவரும் முகாம் அறைகளை மனிதர் வாழும்படி ஆக்கினார்கள். ஜப்பானிய ரம்பமும் உளியும் பிடிக்கும் விதம், இணைப்புகளின் நுட்பம் எல்லாம் அந்த முள்வேலிக்குள் கற்றுக்கொண்டவை. பட்டம் வாங்கிய கட்டடக்கலைஞர், பட்டம் வாங்காத தச்சருக்கு மாணவர்.

1943இல் ரேமண்ட் கையெழுத்துப் போட்டு வெளியே எடுத்தார். அவருடைய பண்ணை நியூ ஹோப்பில் இருந்தது. ஆனால் கட்டடக்கலை வேலை தர முடியவில்லை. ஆகவே நாகாஷிமா கோழி வளர்த்தார். உண்மையாகவே கோழிப்பண்ணைதான். அப்புறம் அதே ஊரில் ஒரு துண்டு நிலம், தானே கட்டிய வீடு, பட்டறை. நல்ல மரம் வாங்கக் காசு இல்லாததால் மரக்கடைகள் ஒதுக்கிய வெடித்ததையும் முடிச்சு விழுந்ததையும் வாங்கினார்.

சும்மா_ஒருவன் அண்ணா, உங்கள் வெடித்த பலகை தொடங்கிய இடம் இதுதான். அலங்காரமாக வந்ததில்லை.

சும்மா_ஒருவன்

இதைப் படித்துவிட்டு மனைவியிடம் காட்டினேன். இப்போது முழுதாக மயங்கிவிட்டாள். நன்றி தம்பி, நல்ல உதவி.

இழைப்புளி

நான் பட்டறைக்காரன். முப்பத்தெட்டு வருடமாக மரத்தோடுதான் குடித்தனம். கட்டுரை எழுத வராது, ஆனால் அந்த உடுக்கைத் துண்டு பற்றி ஒருவரும் பேசாமல் போவது சரியில்லை.

மரம் காய்ந்த பிறகும் சும்மா இருக்காது. மழைக்காலத்தில் ஈரம் குடித்து அகலும், கோடையில் சுருங்கும். நீளவாக்கில் ஒன்றும் ஆகாது, அகலவாக்கில்தான் இந்த ஆட்டமெல்லாம். அகலமான ஒற்றைப் பலகையில் வெடிப்பு இருந்தால் அது வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக ஓடும். நாங்கள் என்ன செய்வோம்? வெடித்த பாகத்தை அறுத்து எறிந்துவிட்டு மிச்சத்தை ஒட்டுவோம். அந்த மனுஷன் வெடிப்பை விட்டுவிட்டு, அது மேலே ஓடாமல் குறுக்கே பூட்டுப் போட்டார். உடுக்கைக்கு இடுப்பு ஒடுங்கி இரண்டு பக்கமும் விரிகிறது இல்லையா, அந்த விரிவுதான் பிடி. வெடிப்பு திறக்கப் பார்த்தால் இரண்டு தலையும் இழுத்துப் பிடிக்கும். துண்டின் ரேகை வெடிப்புக்குக் குறுக்கே ஓட வேண்டும். வெடிப்போடு சேர்ந்து ஓடினால் இடுப்பிலேயே முறிந்துவிடும். அவர் பெரும்பாலும் ஈட்டி மரத்தில், நாங்கள் தோதகத்தி என்போமே அதில், போட்டார். வால்நட்டைவிடக் கெட்டி, நிறமும் தனியாகத் தெரியும்.

அப்புறம் அறுப்பு. அடிமரத்தை மில்லில் போடும்போது எந்தப் பக்கம் திருப்பி வைத்து அறுப்பது என்பதில் இருக்கிறது முழு விஷயமும். தப்பான பக்கம் அறுத்தால் நூறு வருட மரம் பத்து நிமிடத்தில் விறகு. அவர் தானே மில்லுக்குப் போய்ப் பக்கத்தில் நின்று அறுக்க வைப்பாராம். அறுத்த பலகைகளை மரத்தில் இருந்த வரிசை மாறாமலே அடுக்கி, இடையில் குச்சி கொடுத்துக் காயவைப்பார்கள். அடுத்தடுத்த இரண்டு பலகையை விரித்துப் போட்டால் புத்தகத்தைத் திறந்த மாதிரி இரண்டு பக்கமும் ஒரே ரேகை. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது காற்றில் காயவைக்கிற பழைய கணக்கு. மூன்று அங்குலப் பலகை என்றால் மூன்று வருடம் காசு முடங்கிக் கிடக்கும். முட்டுக்கட்டை தம்பி கேட்ட விலையில் இதுவும் ஒரு பங்கு.

முட்டுக்கட்டை

அண்ணா, இதற்கு நான் மறுப்பு சொல்ல மாட்டேன். உழைப்புக்கு விலை சரி. ஆனால் 2006இல் அவருடைய ஒரு செம்மரக்கணு மேசை (நம்ம ஊர்ச் செம்மரம் இல்லை, கலிஃபோர்னியா ரெட்வுட்) ஏலத்தில் 8 லட்சம் டாலருக்கு மேல் போனது. அந்தக் காசு தச்சருக்குப் போகவில்லை, அவர் செத்தே பதினாறு வருடம். சண்டிகர் நாற்காலிக்கும் இதே கதைதான். பியர் ஜானரேயின் வடிவமைப்பு, அரசு அலுவலகத்துக்குச் செய்தது, உடைந்ததென்று கழித்துக் கட்டிய சாமானைக் குப்பை விலைக்கு அள்ளிப்போய் வெளிநாட்டு ஏலத்தில் விற்றார்கள். மரபு, பாரம்பரியம் என்று நாம் பேசுகிறோம். லாபம் ஏலக்காரனுக்கு.

ஜெர்சி_வாசி

இதில் உங்களோடு உடன்படுகிறேன். ஆனால் அவர் அந்த வழியில் போனவரில்லை. பல வருடங்கள் தன் வேலையில் கையெழுத்தே போடவில்லை. மேசையின் அடியில் எழுதியது வாங்குபவரின் பெயரை. பட்டறைக்கே வந்து, பலகைகளுக்கு நடுவே நின்று, அவரோடு பேசித் தேர்ந்தெடுத்தால்தான் அந்தப் பலகை உங்களுக்கு.

பிரின்ஸ்டனில் ஒரு மருத்துவர் வீட்டில் அவர் செய்த சாமான்கள் நூற்றுக்கு மேல் இருந்தன. 1989இல் வீடு தீப்பிடித்து அத்தனையும் போயிற்று. மறுபடி செய்து தரும் பொறுப்பை எண்பது வயதைத் தாண்டிய அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார்.

அமெரிக்கப் பெருஞ்செல்வர் நெல்சன் ராக்பெல்லருக்கு 200 சாமான்கள் வரை செய்ததும் உண்மைதான். 1973இல் வந்த அந்த ஒரு வேலைதான் அவர் பெயரை ஊரறியச் செய்தது. கோழி வளர்த்ததற்கும் அதற்கும் இடையில் முப்பது வருடம்.

கான்கிரீட்_பிரியை

இந்தியாவோடு அவர் தொடர்பு கோல்கோண்டாவோடு முடியவில்லை. ஈம்ஸ் தம்பதி 1958இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) வந்தது அல்லவா? சாராபாய் குடும்பத்து கௌதமும் கீராவும் அதை நடத்திய காலத்தில், 1964இல் நாகாஷிமா அங்கே வந்து தங்கினார். அவர் வடிவங்களை அந்த நிறுவனத்துப் பட்டறையே செய்தது. இங்கே இருந்த மரம் வேறு, கைகள் வேறு, வடிவம் அவருடையது. ஜப்பானில் தகமட்சு ஊரிலும் ஒரு பட்டறையோடு சேர்ந்து அப்படியே செய்தார். உள்ளூர்க் கைவினைஞர்களை ஒதுக்காமல் நவீன வடிவத்தைக் கொண்டுவர முடியும் என்று காட்டியதில்தான் அவர் முன்னோடி. எனக்கு அந்த ஏல மேசையைவிட அகமதாபாத் சாமான்கள் முக்கியம். முட்டுக்கட்டை கேட்ட 'எல்லாருக்கும்' என்ற கேள்விக்கு அவர் மிக நெருக்கமாக வந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

முட்டுக்கட்டை

இது எனக்குப் புதுத் தகவல். 'பணக்காரர்' என்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். மீதிப் பாதி ராக்பெல்லருக்காக அப்படியே இருக்கட்டும்.

புதுவைக்காரி

ஆரோவில்லை மறந்துவிட்டீர்கள். 1984இல் அவருக்குப் பிரம்மாண்டமான ஒரு வால்நட் அடிமரம் கிடைத்தது. அதைப் பார்த்ததும் ஒவ்வொரு கண்டத்திலும் ஓர் அமைதி மேசை வைக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. முதலாவது 1986 டிசம்பர் 31 இரவு நியூயார்க்கில் செயின்ட் ஜான் பேராலயத்தில். அவர் பார்த்தது அது ஒன்றைத்தான். மகள் மீரா தொடர்ந்தார். ஒன்று மாஸ்கோவுக்குப் போயிற்று. ஒன்று 1996இல் ஆரோவில்லுக்கு வந்தது. இளைஞராக இருந்து விட்டுப்போன ஊருக்குப் பக்கத்தில், அவர் போன பிறகு, மேசை வந்து சேர்ந்திருக்கிறது.

பார்த்திருக்கிறேன். இரண்டு பிரம்மாண்டப் பலகைகள், புத்தகம் விரித்தாற்போல. நடுவே இரண்டும் சேரும் இடம் நேர்கோடாக இல்லை. அந்த இடைவெளியை அப்படியே விட்டு, குறுக்கே உடுக்கைப் பூட்டுகள். இழைப்புளி அண்ணா, நீங்கள் ஒரு முறை வந்து பார்க்க வேண்டும்.

இழைப்புளி

கட்டாயம் வருகிறேன் தங்கச்சி. தொட விடுவார்களா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

மாணவன்_2ஆம்_ஆண்டு

மீரா இப்போதும் அந்தப் பட்டறையை நடத்துகிறாரா? அவர் அப்பாவின் வடிவங்களையே செய்வது சரியா, அல்லது அது வெறும் நகலா? வகுப்பில் இதைப் பற்றிச் சண்டை வந்தது.

ஜெர்சி_வாசி

மீராவும் படித்த கட்டடக்கலைஞர்தான். ஹார்வர்டு, பிறகு டோக்கியோவில் வசேடா பல்கலைக்கழகம். 1970இலிருந்து அப்பாவோடு வேலை செய்தவர். முகாமுக்குக் கைக்குழந்தையாகப் போனாரே, அவரேதான். அவர் பெயரில் ஒரு மூன்றுகால் நாற்காலி உண்டு, சின்ன வயதில் அவருக்காக அப்பா செய்தது.

அப்பா இறந்ததும் வரிசையாக ஆர்டர்கள் ரத்தாயின. அவர் கை இல்லாவிட்டால் அது நாகாஷிமா இல்லை என்று நினைத்தார்கள். ஆனால் அவர் இருக்கும்போதே பட்டறையில் இழைத்ததும் பூட்டியதும் மற்ற தச்சர்கள்தானே? அவர் செய்தது பலகையைத் தேர்ந்து கோடு போட்டது. மீரா அதையே செய்தார், தன் சொந்த வடிவங்களையும் சேர்த்துக்கொண்டார். இடம் 2014இல் தேசிய வரலாற்றுச் சின்னம் ஆயிற்று. உள்ளே இன்னும் மரத்தூள் வாசனைதான். நகலா இல்லையா என்று பலகையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எந்த இரண்டு மரமும் ஒரே மாதிரி வளர்வதில்லையே, எதை நகலெடுப்பது?

முட்டுக்கட்டை

வடிவத்தைத்தான். கடைக்குக் கடை எடுத்துக்கொண்டிருக்கிறார்களே. வெடிப்பில் நீலப் பிசினை ஊற்றி 'நதி மேசை' என்கிறார்கள்.

இழைப்புளி

அந்த நீலத்தைப் பற்றி மட்டும் என்னைப் பேச வைக்காதீர்கள்.

சும்மா_ஒருவன் தம்பி, வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். அந்த உடுக்கைத் துண்டின் விளிம்பை நகத்தால் நெருடிப் பாருங்கள். பலகை எத்தனை அங்குலம், துண்டு எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று கேளுங்கள். மூன்றில் ஒரு பங்காவது இறங்கியிருக்க வேண்டும். அப்புறம் குனிந்து அடிப்பக்கம் பாருங்கள்.

சும்மா_ஒருவன்

நேற்று மாலை திரும்பப் போனேன். ஆழம் எவ்வளவு என்று கேட்டதற்கு விற்பனையாளர் மேலாளரைக் கூப்பிட்டார், மேலாளர் போனில் யாரையோ கூப்பிட்டார். அதற்குள் நான் நகத்தைக் கொடுத்தேன். ஒரு மூலை எழும்பியது. கல்யாணப் பத்திரிகைக் கனம்கூட இல்லை. மேலே ஒட்டியிருக்கிறார்கள்! வெடிப்புக்குள் கறுப்புப் பிசின். அடியில் இரும்புப் பட்டை வைத்துத் திருகாணி போட்டிருக்கிறது.

மனைவிதான் முதலில் வெளியே நடந்தாள்.

இழைப்புளி அண்ணா, ஒன்று கேட்கலாமா? ஊரில் தாத்தா காலத்து வாகை மரம் புயலில் சாய்ந்து, அறுத்த பலகைகள் கொட்டகையில் கிடக்கின்றன. ஐந்து வருடம் இருக்கும். அகலம் இரண்டே கால் அடி. ஒன்றில் முனையிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு வெடிப்பு. இதுவரை அதன் மேல் உர மூட்டை அடுக்கியிருந்தோம்.

இழைப்புளி

மூட்டையை முதலில் இறக்குங்கள். பலகைகளுக்கு இடையே குச்சி வைத்திருந்தார்களா, அல்லது ஒன்றின் மேல் ஒன்றாகவா? வைரம் (நடுவில் இருக்கும் கெட்டிக்கட்டை) எவ்வளவு, ஓரத்து வெள்ளைக்கட்டை எவ்வளவு, வண்டு துளைத்திருக்கிறதா என்று பார்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். வாகை நல்ல மரம், ரேகை அழகாக இருக்கும். பூட்டுக்குத் தோதகத்தித் துண்டு என்னிடம் இருக்கிறது.

அவசரம் என்று முதல் பதிவில் எழுதியிருந்தீர்கள். தை பிறந்த பிறகுதான் தொடுவேன். அதுவரை தரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள்.